ஜாமீன் கையெழுத்தின் எல்லை: சேலம் அழகாபுரத்து வாடகை வழக்கு ஒன்றின் ஆய்வு

சேலம் அழகாபுரத்தில் உள்ள ஒரு மாடி வீட்டின் வாடகை பாக்கிக்காக, அந்த வீட்டில் ஒரு நாளும் குடியிருக்காத ஒருவருக்கு 2024 அக்டோபரில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. கேட்கப்பட்ட தொகை ரூ.44,700. நோட்டீஸைப் பெற்றவர் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துபவர். வாடகைக்கு இருந்தவர் அவருடைய தங்கை மகன். 2022-இல் ஒப்பந்தத்தின் கடைசித் தாளில் ஜாமீன்தாரராகக் கையெழுத்துப் போட்டதைத் தவிர, அந்த வீட்டோடு அவருக்கு வேறு தொடர்பு கிடையாது. அவருக்கு ஆலோசனை சொன்ன வழக்கறிஞர் என்ற முறையில், இரு தரப்பினரின் ஒப்புதலோடும், பெயர்களை விட்டுவிட்டும் இதைப் பதிவு செய்கிறேன். சட்ட நூல்களில் வங்கிக் கடனுக்கான பிணையைப் பற்றி நிறையப் படிக்கலாம். வீட்டு வாடகைக்கான பிணையை இவ்வளவு தெளிவாகக் காட்டும் நிகழ்வு எளிதில் கிடைப்பதில்லை.

ஒப்பந்தமும் அதற்குப் பின் நடந்தவையும்

ஒப்பந்தம் மொத்தம் மூன்று தாள்கள். முதலாவது இருபது ரூபாய் முத்திரைத்தாள். மற்ற இரண்டும் பச்சை லெட்ஜர் தாள்கள். தட்டச்சுக் கடையில் எப்போதும் தயாராக இருக்கும் வாசகத்தில் பெயரையும் தொகையையும் மட்டும் மாற்றி எடுத்தது என்பது பார்த்தவுடனே தெரிந்தது. 2022 ஜூன் 1 முதல் பதினொரு மாதங்கள், மாத வாடகை ரூ.9,000, அட்வான்ஸ் ரூ.60,000, இருவரும் எழுத்துமூலம் சம்மதித்தால் புதுப்பித்துக்கொள்ளலாம் என்பவை அதன் சாரம். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குப் பதிவு கட்டாயம் என்று 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் சொல்வதால், அதைத் தவிர்க்கவே பதினொரு மாதக் கணக்கு நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. மூன்றாம் தாளின் அடியில், இரண்டு சாட்சிகளின் கையெழுத்துக்கும் கீழே, நீல மைப் பேனாவால் யாரோ ஒரு வரி சேர்த்திருந்தார்கள்: "மேற்படி குடியிருப்பவர் வாடகை செலுத்தத் தவறினால் நான் பொறுப்பு." அதன் கீழேதான் தாய்மாமனின் கையெழுத்து இருந்தது. அவருடைய ஆதார் நகல் அந்தத் தாளோடு பின் குத்தி வைக்கப்பட்டிருந்தது.

பதினொரு மாதம் 2023 ஏப்ரலோடு முடிந்தது. புது ஒப்பந்தம் எழுதவில்லை. கீழ்த்தளத்திலேயே குடியிருக்கும் உரிமையாளர், ஓய்வு பெற்ற ஆசிரியை, மே மாதம் முதல் வாடகையை ரூ.10,000 ஆக்கினார், குடியிருந்தவரும் மறுக்காமல் கைபேசி வழியே அந்தத் தொகையை மாதந்தோறும் அனுப்பிவந்தார். மாமனுக்கு இதை ஒருவரும் சொல்லவில்லை. டிசம்பரில் குடியிருந்தவரின் மனைவிக்குப் பிரசவம். "டீச்சர், அட்வான்ஸில் கொஞ்சம் கொடுத்தீங்கன்னா ஆஸ்பத்திரிச் செலவுக்கு ஆகும்" என்று அவர் கேட்க, ஆசிரியை ரூ.20,000-த்தைத் திருப்பிக் கொடுத்தார். இந்த இரண்டு நிகழ்வுகளும் பின்னால் வழக்கின் போக்கையே தீர்மானித்தன.

2024 மார்ச்சில் வேலை போனது, வாடகை நின்றது. ஆகஸ்ட் வரை ஆறு மாத பாக்கி சேர்ந்தது. ஆகஸ்ட் நடுவில் ஆசிரியை மோட்டார் போடுவதை நிறுத்தினார். மேட்டூர்த் தண்ணீர் தரைத்தொட்டியில் இறங்கி, அங்கிருந்து மோட்டார் மூலம்தான் மேல்தொட்டிக்கு ஏறும். மோட்டாரின் சுவிட்சோ கீழ்வீட்டு அடுப்படிச் சுவரில் இருந்தது. கைக்குழந்தையோடு மாடிப்படியில் குடம் சுமந்த குடும்பம் மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்துகொண்டு ஓசூருக்குப் போய்விட்டது. அங்கே எந்த முகவரி என்று ஆசிரியைக்குத் தெரியாது. மாமனின் பட்டறை முகவரிதான் அவர் கையில் இருந்தது.

நோட்டீஸில் இருந்த கணக்கு இது: வாடகை பாக்கி ரூ.60,000, கரண்ட் பில் பாக்கி ரூ.4,200; வெள்ளையடிப்பும் பெயின்டிங்கும் ரூ.18,000, உடைந்த வாஷ்பேசினுக்கு ரூ.2,500. ஆக மொத்தம் ரூ.84,700. இதில் கைவசமிருந்த அட்வான்ஸ் ரூ.40,000-ஐக் கழித்து, மீதியை ஜாமீன்தாரர் பதினைந்து நாளில் செலுத்த வேண்டும் என்று கேட்டிருந்தார்கள்.

எடுபடாத எதிர்வாதங்கள்

மாமன் முதலில் சொன்ன மூன்று பதில்களும் இயல்பானவை. மூன்றுமே சட்டத்தின் முன் நிற்காதவை. "எனக்கு இதில் ஒரு பைசா வரவில்லை" என்றார். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 127-ஆவது பிரிவின்படி, முதன்மைக் கடனாளியின் (இங்கே வாடகைக்கு இருந்தவரின்) நன்மைக்காகச் செய்யப்பட்ட எதுவும் பிணையாளரின் வாக்குறுதிக்குப் போதுமான கைம்மாறுதான். மருமகனுக்கு வீடு கிடைத்ததே இங்கே போதும். "முதலில் அவனிடம் கேட்கட்டும்" என்றார். பிணையாளரின் பொறுப்பு முதன்மைக் கடனாளியின் பொறுப்புக்குச் சமமானது என்று 128-ஆவது பிரிவு கூறுவதால், ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்பட்டிருந்தாலொழிய, குடியிருந்தவரைத் துரத்திப் பிடித்து வழக்குப் போட்டு முடித்த பிறகுதான் பிணையாளரிடம் வர வேண்டும் என்ற கட்டாயம் உரிமையாளருக்கு இல்லை. அந்த வரி கையால் எழுதப்பட்டது, சாட்சிக் கையெழுத்துக்குக் கீழே இருக்கிறது என்பது மூன்றாவது பதில். பிணை ஒப்பந்தம் வாய்மொழியாகவே இருக்கலாம் என்று 126-ஆவது பிரிவு அனுமதிக்கும்போது, நீல மையில் எழுதி அவரே கையெழுத்திட்ட வரியை எப்படி மறுக்க முடியும்?

எனவே பிணை உண்டு என்பதை ஒப்புக்கொண்டுதான் மேற்கொண்டு யோசிக்க வேண்டியிருந்தது. அந்தப் பிணை எதற்கு, எதுவரை என்பதே உண்மையான கேள்வி.

எதற்கு என்பதற்கு அந்த ஒற்றை வரியே விடை சொல்லிவிடுகிறது. "வாடகை செலுத்தத் தவறினால்" என்றுதான் எழுதியிருக்கிறது. கரண்ட் பில், வாஷ்பேசின், பெயின்டிங் ஆகிய எதற்கும் மாமன் பொறுப்பேற்கவில்லை. பிணையாளரின் பொறுப்பை அவர் ஒப்புக்கொண்ட சொற்களுக்கு அப்பால் நீட்டிப் பொருள் கொள்வதில்லை என்பது நீதிமன்றங்கள் தொடர்ந்து கடைப்பிடித்துவரும் நெறி. ஆகவே ரூ.24,700 முதல் வாசிப்பிலேயே அவர் கணக்கிலிருந்து நீங்கிவிட்டது.

ஒப்பந்தம் முடிந்த பிறகு

உரிமையாளர் தரப்பு வழக்கறிஞர் இதைத் தொடர்பிணை என்று வாதிட்டார். 129-ஆவது பிரிவு அப்படி ஒரு வகையை ஏற்கத்தான் செய்கிறது. தொடர்ச்சியாக வரும் பல பரிவர்த்தனைகளுக்கு ஒரே பிணை நீளலாம். கையால் எழுதிய வரியில் காலக்கெடு எதுவும் இல்லாததால், குடியிருக்கும்வரை பிணையும் இருக்கும் என்பது அவர் வாதம்.

ஆனால் அந்த வரி "மேற்படி குடியிருப்பவர்" என்று தொடங்குகிறது. மேலே தட்டச்சில் உள்ள குடியிருப்பு பதினொரு மாதத்துக்கானது. நீட்டிப்பதானால் எழுத்துமூலம் என்று அதே தாள் சொல்கிறது. காலம் முடிந்த பிறகும் குடியிருப்பவர் தொடர்ந்து இருக்க, உரிமையாளர் வாடகையை வாங்கிக்கொண்டால், 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 116-ஆவது பிரிவின்படி குத்தகை மாதாமாதக் குத்தகையாகப் புதுப்பிக்கப்படுகிறது. இது பழைய குத்தகையின் வெறும் நீட்சியன்று. ஒரு பக்கம் தொடர்ந்து இருக்க முன்வருதல், மறுபக்கம் வாடகையை ஏற்றுச் சம்மதித்தல் என இருவர் சேர்ந்து உண்டாக்கும் புதிய குத்தகை என்று பவான்ஜி லக்காம்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. அந்தப் புதிய குத்தகையை ஆசிரியையும் மருமகனும்தான் உண்டாக்கினார்கள். மாமன் அதில் இல்லை.

இந்த வாதம் தோற்றாலும் வாடகை உயர்வு இருக்கிறது. பிணையாளரின் சம்மதமின்றி, கடன் கொடுத்தவரும் முதன்மைக் கடனாளியும் தங்கள் ஒப்பந்தத்தின் நிபந்தனைகளை மாற்றினால், அந்த மாற்றத்துக்குப் பிந்தைய பரிவர்த்தனைகளில் பிணையாளர் விடுவிக்கப்படுகிறார் என்கிறது 133-ஆவது பிரிவு. 2023 மே மாதத்தில் வாடகை மாறியது. பாக்கி முழுவதும் 2024 மார்ச் முதல் சேர்ந்தது. "ஆயிரம் ரூபாய்தானே, பழைய ஒன்பதாயிரத்துக்காவது அவர் பொறுப்பு" என்று எதிர்த்தரப்பு கேட்டது நியாயமாகத் தோன்றலாம். ஆனால் சட்டம் உயர்ந்த பங்கை மட்டும் வெட்டிவிட்டுப் பழைய பங்கைப் பிணையாளர் தலையில் வைப்பதில்லை. எம். எஸ். அனிருத்தன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிணையாளரை விடுவிக்க மறுத்தது உண்மைதான். அங்கே பிணைத் தொகை ரூ.25,000-இலிருந்து ரூ.20,000 ஆகக் குறைந்திருந்தது. மாற்றம் பிணையாளருக்குச் சாதகமானது. வாடகை ஏறியதை யாரும் பிணையாளருக்குச் சாதகம் என்று சொல்ல முடியாது.

வங்கிகள் இந்தப் பிரிவை நன்கு அறிந்தவை. அதனால்தான் அவற்றின் படிவங்களில், நிபந்தனைகள் மாறினாலும் என் பொறுப்பு தொடரும் என்று பிணையாளர் முன்கூட்டியே எழுதிக்கொடுக்கும் வாசகம் தவறாமல் இருக்கும். தட்டச்சுக் கடை வாடகை ஒப்பந்தத்தில் அப்படி எதுவும் இல்லை.

ஆசிரியை காட்டிய இரண்டு இரக்கங்கள்

இந்த வழக்கில் எனக்கு மிகவும் சுவையாகப்பட்டது இந்தப் பகுதி. ஆசிரியை குடியிருந்தவர் மீது இரண்டு முறை இரக்கம் காட்டினார். மார்ச் முதல் ஜூலை வரை ஐந்து மாதம் வாடகை கேட்டு நெருக்காமல் பொறுத்திருந்தார். அதற்கு முன்பே அட்வான்ஸில் ரூ.20,000-ஐத் திருப்பிக் கொடுத்தார். மனிதர்களின் கண்ணுக்கு இரண்டும் ஒரே குணத்தின் வெளிப்பாடு. பிணைச் சட்டமோ இரண்டையும் வெவ்வேறாக நடத்துகிறது.

பொறுத்திருந்ததை முதலில் பார்க்கலாம். கடனாளிக்குக் கால அவகாசம் தருவதாகக் கடன் கொடுத்தவர் ஒப்பந்தம் செய்துகொண்டால் பிணையாளர் விடுபடுவார் என்கிறது 135-ஆவது பிரிவு. வழக்குப் போடாமல் சும்மா பொறுத்திருந்தால் மட்டும் விடுபடமாட்டார் என்கிறது 137. ஆசிரியை அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி ஒன்றில் "சரிப்பா, ஆடி வரைக்கும் பொறுத்துக்கிறேன், வேலையைத் தேடு" என்று இருந்தது. மாமனின் மகன் இதைக் கண்டுபிடித்து மிகுந்த நம்பிக்கையோடு கொண்டுவந்தான். ஆனால் அவகாசத்துக்கு ஈடாக எதையும் பெறாமல், எந்தக் கட்டுப்பாடும் ஏற்காமல், மனமிரங்கிச் சொன்ன சொல் ஒப்பந்தமாகாது. மறுநாளே அவர் மனம் மாறி வழக்குப் போட்டிருந்தாலும் அந்தச் செய்தி அவரைத் தடுத்திருக்காது. ஆகவே அதை எங்கள் பதிலில் சேர்க்கவில்லை.

அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தது வேறு வகை. பிணை ஒப்பந்தத்தின்போது கடனாளிக்கு எதிராகக் கடன் கொடுத்தவர் வைத்திருக்கும் ஒவ்வோர் ஈட்டின் பலனும் பிணையாளருக்கு உரியது. அத்தகைய ஈடு இருப்பது பிணையாளருக்குத் தெரிந்திருந்தாலும் தெரியாவிட்டாலும் இது பொருந்தும். அவருடைய சம்மதமின்றி அந்த ஈட்டைக் கைவிட்டால், அதன் மதிப்பளவுக்குப் பிணையாளர் விடுவிக்கப்படுகிறார். இது 141-ஆவது பிரிவு. இங்கே அந்த ஈடு அட்வான்ஸ்தான். இப்போது கணக்கைப் பார்த்தால், முழு அட்வான்ஸ் ரூ.60,000 கையில் இருந்திருந்தால் வாடகை பாக்கி ரூ.60,000 அப்படியே தீர்ந்திருக்கும். பிணையாளர் தரவேண்டியது பூஜ்யம். அட்வான்ஸிலிருந்து முதலில் கரண்ட் பில்லுக்கும் வாஷ்பேசினுக்குமான ரூ.6,700-ஐ எடுத்துக்கொண்டு மீதியைத்தான் வாடகைக்கு வரவு வைப்பேன் என்று ஆசிரியை பிடிவாதம் பிடித்தாலும், வாடகையில் துண்டுவிழுவது அதே ரூ.6,700 மட்டுமே (பெயின்டிங் தொகையை ஏன் கழிக்க முடியாது என்பதைக் கீழே பார்க்கலாம்). மற்ற வாதங்கள் எல்லாம் தோற்று, மிக மோசமான நிலை வந்தாலும் மாமனின் பொறுப்பு அதற்கு மேல் போக வழியில்லை. நோட்டீஸில் கேட்டது ரூ.44,700.

பிரசவச் செலவுக்குக் கொடுத்த பணம் கொடுத்தவருக்கே எதிராகத் திரும்புவது கடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் செவ்வாய்ப்பேட்டைக்கு ஒரு போன் போட்டு, "உங்க மருமகன் கேக்கறாரு, அட்வான்ஸ்ல இருந்து தரட்டுமா" என்று கேட்டு, சரி என்ற ஒற்றைச் சொல்லை எழுத்தில் வாங்கியிருந்தால் 141 இந்த வழக்குக்குள் வந்திருக்காது.

குடியிருந்தவரின் உரிமைகள்

மாமன் விடுபட்டாலும் மருமகனின் கடன் அப்படியே நிற்கிறது. அது எவ்வளவு என்பதற்குத்தான் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தேவைப்பட்டது. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு மாற்றாக, 2019 பிப்ரவரி 22 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத வாடகை அதிகாரியிடம் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்பது 4-ஆவது பிரிவு. இந்த ஒப்பந்தம் பதிவு செய்யப்படவில்லை. அதனால் ஆசிரியைக்கு ஏற்படும் சிக்கல்களை நான் பெரிதாக எழுப்பவில்லை; குடியிருந்தது, வாடகை கொடுத்தது, பாக்கி வைத்தது ஆகிய எதையும் மருமகன் மறுக்கவில்லை.

பெயின்டிங் ரூ.18,000 முழுவதும் தவறு. வீட்டைக் காலி செய்யும்போது ஒரு மாத வாடகையை வெள்ளையடிக்கப் பிடித்துக்கொள்வது சேலத்தில் மட்டுமன்று, தமிழ்நாடு முழுவதும் எழுதப்படாத சட்டம் போல நடக்கிறது. இங்கே கிட்டத்தட்ட இரண்டு மாத வாடகை. எழுதப்பட்ட சட்டத்தின் இரண்டாம் அட்டவணையோ சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு சன்னல்களுக்கு வர்ணம் பூசுவதையும் உரிமையாளரின் பொறுப்பில் வைத்திருக்கிறது. எழுத்தில் வேறுவிதமாக உடன்பட்டிருந்தால் பேச்சு வேறு. மூன்று தாள்களிலும் பெயின்டிங் என்ற சொல்லே இல்லை. வாஷ்பேசின் பழுதை அதே அட்டவணை குடியிருப்பவரின் பக்கம் வைக்கிறது, அதனால் ரூ.2,500 நியாயமான கழிவு.

அட்வான்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேறு உடன்பாடு இல்லாதபோது மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் உரிய கழிவு போகத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 11-ஆவது பிரிவு. ஒன்பதாயிரம் வாடகைக்கு அது ரூ.27,000 ஆகும். ஒப்பந்தத்திலேயே ரூ.60,000 என்று எழுதி இருவரும் கையெழுத்திட்டதால், அந்த உடன்பாடே விதிவிலக்காகிவிடுகிறது. பாதுகாப்பு போலத் தோன்றும் இந்தப் பிரிவு நடைமுறையில் இவ்வளவு எளிதாகக் கரைந்துபோவது எனக்கு உடன்பாடில்லாத ஒன்று.

மோட்டாரை நிறுத்தியதற்கு எந்த நியாயமும் இல்லை. ஆறு மாத பாக்கி இருந்தாலும் தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை உரிமையாளர் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் குடியிருப்பவர் வாடகை அதிகாரியிடம் மனுச் செய்து, விசாரணை முடியும் முன்பே இடைக்கால உத்தரவு பெறலாம். ஆசிரியைக்குத் திறந்திருந்த வழியும் கடினமானதன்று: இரண்டு மாத வாடகை பாக்கியானாலே 21-ஆவது பிரிவின்கீழ் வீட்டை மீட்க வாடகை நீதிமன்றத்தை அணுகலாம். மே மாதத்திலேயே அதைச் செய்திருந்தால், கடனும் இந்த அளவுக்கு வளர்ந்திருக்காது. "கோர்ட்டுக்குப் போனா ஊர் என்ன பேசும்" என்று தயங்கியதாகப் பின்னர் அவர் சொன்னார்.

ஆக, மருமகன் தரவேண்டியது வாடகை, கரண்ட் பில், வாஷ்பேசின் மூன்றும் சேர்ந்து ரூ.66,700, அட்வான்ஸ் ரூ.40,000 போக ரூ.26,700.

தீர்வு

நோட்டீஸுக்கு விரிவான பதில் அனுப்பிய பின், வழக்குக்கு முந்தைய மனுவாக மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் முன் இதைக் கொண்டுபோக இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. அந்த ஆணைக்குழு நடத்தும் மக்கள் நீதிமன்றத்தில் எட்டப்படும் சமரசத்துக்கு, 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 21-ஆவது பிரிவின்படி உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணையின் மதிப்பு உண்டு. அதன் மீது மேல்முறையீடு கிடையாது. ஆசிரியைக்கு இதுதான் பெரிய ஆறுதலாக இருந்தது. மருமகனை ஓசூரிலிருந்து அழைத்துவந்தது மாமன்தான். சட்டம் அவரை விடுவித்த பிறகு அவர் செய்த காரியம் அது.

அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் நடந்த அமர்வில் பெயின்டிங் தொகையை ஆசிரியை விட்டுவிட்டார். மோட்டார் நிறுத்தப்பட்டதற்காக ஆகஸ்ட் வாடகையில் பாதியைக் குறைக்கவும் சம்மதித்தார். மீதமிருந்த ரூ.21,700-ஐ மருமகன் ரூ.7,000, ரூ.7,000, ரூ.7,700 என மூன்று தவணைகளில் தருவதாக எழுதப்பட்டது. தவணைகளுக்கு மாமன் மறுபடியும் ஜாமீன் நிற்க வேண்டும் என்று ஆசிரியை கேட்டார். நான் வேண்டாம் என்றேன். மாமன் நிற்பதாகச் சொன்னார். எனவே இம்முறை வாசகத்தை நானே எழுதினேன்: பொறுப்பு ரூ.7,700-க்கு மிகாது, கடைசித் தவணை நாளிலிருந்து முப்பது நாளுக்குள் எழுத்துமூலம் கேட்டால் மட்டுமே செல்லும், தவணையின் தொகையோ தேதியோ மாறினால் அவருடைய கையெழுத்தின்றி அவரைக் கட்டுப்படுத்தாது.

மூன்று தவணைகளையும் மருமகனே கட்டி முடித்தார். மாடிக்கு இப்போது வேறொரு குடும்பம் வந்திருக்கிறது. அவர்களுடைய ஒப்பந்தத்தை ஆசிரியை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்திருக்கிறார். வாடகையை உயர்த்தும்போது ஜாமீன்தாரரும் கையெழுத்திட அதில் தனி இடம் விடப்பட்டிருக்கிறது. மோட்டாருக்கு மாடியிலும் ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார்.